எல்லைக்கு வெளியே கொட்டிய வெள்ளைப் பொடி

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தை ஒட்டி ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டுக்குத் தலைவன் கொம்பையன் என்கிற காட்டுப்பன்றி. பலசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் வீராப்பு இருக்கிறதே, அது அவன் உடம்பை விடப் பெரியது.

முன்பெல்லாம் உண்ணிக்கொக்குகள் பன்றிகளின் முதுகில் ஏறி நின்று உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். பன்றிகளுக்கு அரிப்பு இல்லை, கொக்குகளுக்குப் பசி இல்லை. ஒருநாள் வெள்ளச்சி என்கிற கொக்கு கொம்பையனின் தலை மேலேயே ஏறி நின்றுவிட்டது. அதைப் பார்த்து ஒரு குரங்கு சிரித்துத் தொலைத்தது. அவ்வளவுதான்!

"தலைவன் தலையில கொக்கா? இனிமே எந்தப் பறவையும் எந்தப் பன்றி முதுகிலயும் ஏறக் கூடாது!" என்று சட்டம் போட்டான் கொம்பையன்.

கொக்குகள் கோபித்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டன. பிறகென்ன? உண்ணிகளுக்குக் கொண்டாட்டம்! பன்றிகள் மரத்தில் உரசின, பாறையில் உரசின, ஒன்றின் மேல் ஒன்று உரசின. கொம்பையன் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னங்காலைத் தூக்கி வரட்டு வரட்டென்று சொறிவான். ஆனால் சட்டத்தை மட்டும் மாற்ற மாட்டான்.

அப்போதுதான் மினுக்கன் என்கிற நரி உள்ளே நுழைந்தது. காட்டோரத்தில் மனிதர்கள் கைவிட்டுப் போன குடோன் ஒன்று இடிந்து கிடந்தது. உள்ளே மூட்டை மூட்டையாக வெள்ளைப் பொடி. அந்த மூட்டைகள் பக்கம் ஒரு எறும்புகூடப் போகவில்லை என்பதை நரி பார்த்து வைத்திருந்தது.

"தலைவரே, இந்தப் பொடியில ஒரு புரளு புரண்டு பாருங்க!" என்றது.

கொம்பையன் புரண்டான். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. "அடடா! சொர்க்கம்டா!" என்று கத்தினான். அன்றைக்கே நரி மந்திரி ஆகிவிட்டது. சேற்றுக்குழியில் பொடியைக் கொட்டி, தினமும் பன்றிகள் அதில் புரண்டன. புரண்டுவிட்டு ஓடையில் குளித்தன. ஓடை நேராகக் கழிமுகத்துக்குப் போனது.

கழிமுகத்தின் அலையாத்தி மரம் ஒன்றில் வடிவு என்கிற கூழைக்கடாப் பறவை கூடு கட்டியிருந்தாள். அந்த வருஷம் முட்டை இட்டு, வழக்கம்போல அதன் மேல் உட்கார்ந்தாள்.

டக்!

எழுந்து பார்த்தாள். முட்டை உடைந்து கிடந்தது. பதறிப்போய் அடுத்ததைத் தொட்டாள். அதுவும் டக்! வடிவு அலறிய அலறலில் மரத்தடிச் சேற்றிலிருந்து கோணையன் நண்டு ஓடி வந்து, மரத்தில் விறுவிறுவென்று ஏறினான்.

ஓட்டுச் சில்லைத் தன் கொடுக்கில் பிடித்துப் பார்த்தான். "என்னக்கா இது? வெங்காயத் தோல் மாதிரி இருக்கு!"

"நான் எத்தனை வருஷமா முட்டை அடைகாக்கிறேன்! இப்படி ஒரு நாளும் ஆனதில்லைடா" என்று அழுதாள் வடிவு.

நண்டு சும்மா இருக்கவில்லை. ஓடை வாயிலிருந்து தன் வளை வரைக்கும் சேற்றை மோந்து மோந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, பன்றிங்க புரள்ற அந்த வெள்ளைப் பொடி ஓடைத் தண்ணியோட வருது. சேத்துல படியுது. சேத்தைப் புழு தின்னுது, புழுவை இறால் தின்னுது, இறாலைக் குட்டி மீன் தின்னுது, அதைப் பெரிய மீன் தின்னுது. தின்னதெல்லாம் வெளியே போகுது, இந்தப் பொடி மட்டும் உடம்பை விட்டுப் போகவே மாட்டேங்குது. புழுவுக்குள்ள துளிதான். நீ ஒரு நாளைக்கு எத்தனை பெரிய மீன் முழுங்குற? உனக்குள்ள மூட்டையே இருக்கும்! அதான் ஓடு இப்படி மெலிஞ்சு போச்சு!"

வடிவு நேராகக் கொம்பையன் முன்னால் போய் இறங்கினாள். நடந்ததைச் சொன்னாள். கொம்பையன் பேசுவதற்குள் நரி முந்திக்கொண்டது.

"ஏம்மா, உன் உடம்பைப் பாத்தியா? அந்தக் கனத்தோட முட்டை மேல தொப்புன்னு உக்காந்தா உடையாம என்ன செய்யும்?"

கூட்டம் சிரித்தது. எனக்கு அந்த நரி மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முட்டையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஆனாலும் கொம்பையனுக்கு மனசு உறுத்தியது. "ஓடையில கலக்குதுன்னா அது நம்ம தப்புதான். என்னடா செய்யலாம்?" என்று மந்திரியைக் கேட்டான்.

"கவலையே வேண்டாம் தலைவரே! உபயோகிச்ச பொடியை எல்லாம் நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவோம். தொல்லை ஒழிஞ்சுது!"

எல்லை என்றால் என்ன தெரியுமா? கொம்பையன் தினமும் காலையில் காட்டைச் சுற்றி வந்து மரங்களில் விலாவைத் தேய்ப்பான். அந்த வாடை இருக்கிற மரம்தான் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் நம்முடையது. அந்தப் பக்கம் இருப்பது இருக்கிறதா இல்லையா என்றுகூட யாரும் யோசிப்பதில்லை. மிருகங்களின் வழக்கம் அப்படி. வாடையைத் தாண்டி எவனும் வர மாட்டான், அதனால் எதுவும் வராது என்று நினைத்துவிட்டார்கள்.

எல்லைக்கு வெளியே பள்ளம் தோண்டிப் பொடியைப் புதைத்தார்கள். புதுப் பொடியை எடுத்துப் புரண்டார்கள். மழை பெய்தது. மழைத் தண்ணீர் பள்ளத்தில் இறங்கியது, மண்ணுக்கடியிலேயே ஊர்ந்து, இந்தப் பக்கம் ஊற்றாக வந்து, அதே ஓடையில் கலந்தது. மறு வருஷமும் வடிவின் கூட்டில் டக்!

"மண்ணு சரிப்படல. கடல்ல தள்ளுங்க! கடலுக்கு மறுகரை ஏது, தலைவர் எல்லை ஏது?" என்றது நரி.

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கடலில் தள்ளினார்கள். வற்றின தண்ணீர் ஏறாமலா இருக்கும்? அலையோடும் மீனோடும் பொடி கழிமுகத்துக்கே திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் டக்!

வடிவு மறுபடியும் போய் நின்றாள். இந்தத் தடவை கூட்டத்துக்கே அலுப்பு. "வந்துட்டாடா அழுமூஞ்சி!" என்று ஒரு குரங்கு முனகியது.

"நான் அழல. பதில் கேக்குறேன்!" என்றாள் வடிவு.

நரி யோசித்தது. "மண்ணுல போட்டாலும் தெரியுது, தண்ணியில போட்டாலும் தெரியுது. கொளுத்திடுவோம். புகையா மேல போயிட்டா யார் கண்ணுக்குத் தெரியும்?"

காய்ந்த சருகைக் குவித்துக் குடோன் பக்கத்திலேயே கொளுத்தினார்கள். புகை எழும்பியது. காற்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. "பாத்தீங்களா? இருந்த இடம் தெரியல!" என்று நரி குதியாட்டம் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். வடிவு மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே போன புகைக்கு உட்கார ஒரு இடம் வேண்டாமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

பனிக்காலம் வந்தது. மரத்து இலையிலெல்லாம் பனித்துளி. வழக்கம்போல வடக்கே வெகு தூரத்திலிருந்து உள்ளான் குருவிகள் கழிமுகத்துக்கு வந்து இறங்கின. வடிவு அப்போதுதான் புதிதாக முட்டை இட்டிருந்தாள். ஒன்று ஏற்கெனவே உடைந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு முட்டை. அதன் மேல் உட்காரவும் பயம், உட்காராமல் இருக்கவும் பயம்.

"அக்கா, பேசாம வேற ஊருக்குப் போயிடு" என்றான் நண்டு.

வடிவு உள்ளான் குருவி ஒன்றைக் கூப்பிட்டாள். "நீ ஊர் ஊராப் பறக்குறவ. வெள்ளைப் பொடி இல்லாத ஊர் ஏதாவது சொல்லு. அங்க போறேன்."

உள்ளான் தலையைத் தொங்கப் போட்டது.

"நான் முட்டை இடப் போறது பனிக்கட்டி நாடு. அங்க குடோனும் இல்ல, மூட்டையும் இல்ல. ஆனா அங்க இருக்கிற வெள்ளைக் கரடியோட பால்ல இந்தப் பொடி இருக்கு. உங்க மூட்டையோ, வேற யாரு மூட்டையோ! வெயில் அடிச்சா ஆவியா எழும்புது, காத்தோட போகுது, குளிர்ந்த இடத்துல இறங்குது. சூடு பட்டா மறுபடி எழும்புது. இப்படித் தாவித் தாவி வந்து எங்க பனியில விழுது. அதுக்கு மேல எழும்ப அங்க சூடு ஏது? நானும் அதுவும் ஒரே வழியில பறக்குறோம் அக்கா. நான் திரும்பி வந்துடுறேன். அது வர்றதில்ல."

வடிவு இறக்கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஓடுறதுக்கு இடம் இல்லைன்னா எதுக்கு ஓடணும்? நான் இங்கயே நிப்பேன்டா!"

கடைசி முட்டையைத் தன் தொண்டைப் பையில் மெதுவாக எடுத்து வைத்துக்கொண்டாள். பறந்து போய், சேற்றுக்குழிக்கும் மூட்டைகளுக்கும் நடுவே இறங்கினாள். பஞ்சு போன்ற பாசி மேல் முட்டையை வைத்தாள். இறக்கை இரண்டையும் அகல விரித்து நின்றாள். பொடியில் புரள வந்த பன்றிகள் திகைத்து நின்றுவிட்டன.

"வழி விடு!" என்று உறுமினான் கொம்பையன்.

"விட மாட்டேன்!"

"ஒரு முட்டு முட்டினா என்ன ஆவ தெரியுமா?"

"தெரியும். முட்டு! ஆனா அதுக்கு முன்னால உன் மந்திரி எனக்கு ஒரு பதில் சொல்லணும். நான் கனம், அதனால முட்டை உடையுதுன்னு சொன்னான் இல்ல? இதோ, இதுமேல நான் உக்காரல. டேய் மினுக்கா, நீ ஒல்லிதானே? வா! உன் வால் நுனியால இதை லேசா தடவிப் பாரு!"

நரி இளித்தது. எல்லோரும் பார்க்கிறார்களே, மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மந்திரி கெத்தோடு வந்து, வால் நுனியால் முட்டையைத் தொட்டது.

டக்!

நரி வாலைச் சுருட்டிக்கொண்டது. வடிவு குனிந்து உடைந்த முட்டையைப் பார்த்தாள்.

"இது பிழைக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் என் பிள்ளைடா இது" என்றாள். ஆனால் இறக்கையை மடக்கவில்லை. "மண்ணுல புதைச்சீங்க, தண்ணியில வந்துச்சு. கடல்ல தள்ளினீங்க, மீன்ல வந்துச்சு. கொளுத்தினீங்க, காத்துல ஏறிப் பனியில இறங்குது. பனிக்கட்டி நாட்டுல ஒரு கரடித் தாயோட பால் வரைக்கும் இந்தப் பொடி போயிருக்கு. தலைவரே, மரத்துல விலாவைத் தேய்ச்சு வெச்சீங்களே, அந்த வாடை காத்துக்குத் தெரியுமா? கடலுக்குத் தெரியுமா?"

பின்னாலிருந்து கொம்பையனின் மனைவி பேச்சி பாய்ந்து வந்தாள். அவள் மடியில் குட்டிகள் பால் குடித்துக்கொண்டு கூடவே தொங்கி வந்தன.

"பால்லயா? கரடிப் பால்ல போகுதுன்னா என் பால்ல போகாதா? தினமும் அதுலதானே நானும் புரள்றேன்!" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ்! உன் தலையில ஒரு கொக்கு உக்காந்தா குறைஞ்சா போயிடுவ? அதுக்காகவா இவ்வளவும்?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கொம்பையன் தரையைப் பார்த்தான், உடைந்த முட்டையைப் பார்த்தான், தன் குட்டிகளைப் பார்த்தான். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டான்.

"தப்புப் பண்ணிட்டேன். மூட்டையைக் கடல்ல தள்ளாதீங்க. புதைக்காதீங்க. கொளுத்தாதீங்க. தொடவே தொடாதீங்க!"

"தொடாம விட்டா மழையில கரையும். தண்ணி ஏறாத, காத்து புகாத இடத்துல அடைக்கணும்" என்றான் நண்டு.

மேட்டுப் பாறையில் காய்ந்த பொந்து ஒன்று இருந்தது. மிச்ச மூட்டைகளை எல்லாம் அதற்குள் அடுக்கினார்கள். சேற்றுக்குழியில் கலந்த பொடியையும் சுரண்டி உள்ளே போட்டார்கள். வாயைக் கல் வைத்து, புற்று மண் பூசி அடைத்தார்கள். சாகிற வரைக்கும் அதற்குக் காவல் மினுக்கன்தான் என்று தீர்ப்பானது. மழை பெய்தால் நனைய வேண்டியது, மண் விரிசல் விட்டால் பூச வேண்டியது. வேண்டியதுதான் அதற்கு!

கொம்பையன் வயலுக்கு நடந்தே போனான். வெள்ளச்சி முன்னால் நின்று, "என் தலையில ஏறி உக்காரும்மா" என்று தலையைத் தாழ்த்தினான். கொக்குகள் திரும்பி வந்தன. காவல் பாறையில் நரியும், "அம்மா கொக்கு, என் காதுக்குப் பின்னால கொஞ்சம்…" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. அடைத்தது மூட்டையைத்தானே? வெளியே போனது போனதுதான். சேற்றிலும் மீனிலும் அது இருந்துகொண்டே இருந்தது. மறு வருஷமும் வடிவின் முட்டை உடைந்தது.

"அக்கா…" என்று இழுத்தான் நண்டு.

"என்னடா அக்கா? அவ்வளவு சீக்கிரம் போயிடுமா அது? அது பிடிவாதம் பிடிச்சா நானும் பிடிப்பேன். மறுபடி இடுவேன்!"

மறுபடி இட்டாள். உடைந்தது. மறுபடி இட்டாள். ஓடு கொஞ்சம் கெட்டிப்பட்டது போலிருந்தது. ஆனாலும் உடைந்தது. தினமும் கொம்பையன் தலையில் கொக்கோடு மரத்தடிக்கு வந்து, "முட்டை நிக்குதா?" என்று கேட்பான். "போய் உன் பொந்தைப் பாரு! விரிசல் விடாம பாத்துக்கோ!" என்று மேலேயிருந்து விரட்டுவாள் வடிவு. அவன் பொந்துப் பக்கம் திரும்பி நடப்பான்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒரு காலை நேரம். வடிவு கூட்டில் உட்கார்ந்திருந்தாள். நண்டு பக்கத்துக் கிளையில் இருந்தான். கொம்பையன் மரத்தடியில் நின்றான்.

டக்!

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டான். கொம்பையன் தலையைக் குனிந்தான். வடிவு அசையவில்லை, மூச்சும் விடவில்லை. மறுபடியும் டக், டக் என்று கேட்டது. மெதுவாக எழுந்து பார்த்தாள். ஓடு வெளியிலிருந்து நசுங்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குட்டி மூக்கு அதை உடைத்துக்கொண்டிருந்தது!

"வந்துட்டான்டா!" என்று வடிவு போட்ட கூச்சலில் கழிமுகமே கிடுகிடுத்தது. கொம்பையன் துள்ளிய துள்ளலில் அவன் தலைக் கொக்கு தண்ணீரில் விழுந்தது. வடிவு குஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"என்ன நிக்குற? போய்ப் பொந்தைப் பாரு!" என்றாள்.

நம் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்ட நஞ்சு எங்கும் ஒழிவதில்லை. மண்ணிலும் கடலிலும் காற்றிலும் சுற்றி ஏதோ ஒரு தாயின் கூட்டில்தான் வந்து இறங்கும், ஆகவே அதைத் தள்ளிவிட இடம் தேடாதே, அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்து.