காக்கா எடுக்காத சோறு

டப்பாவைத் தொடாத கண்ணு, சுண்ணாம்பு இருக்கு, கை வெந்துரும். இந்தப் பக்கம் வந்து படு. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன், கதை நடுவழியில நின்னுரும்.

மலாய் நாட்டுல ஒரு ஊர்ல ஒரு பால்மரத் தோட்டம். மரத்தைக் கீறுனா பால் வரும், சொட்டு சொட்டுன்னு கிண்ணத்துல விழும். அந்தத் தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல செவந்தின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் பேரு நல்லமுத்து. கல்யாணம் ஆகி ஆறு மாசம். அவளுக்கு எழுதத் தெரிஞ்சது தன் பேரு மட்டுந்தான். அதை ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பா மூடியில ஆணியால கீறி, "வெத்தல போடுறப்பல்லாம் என்னை நெனைச்சுக்குங்க"ன்னு புருஷன் கையில குடுத்தா.

ம்?

அப்போ சண்டைக் காலம். ஒரு நாள் டர்ர்ர்ருன்னு லாரி வந்து நின்னுச்சு. துப்பாக்கிக்காரனுங்க எறங்கி, சயாம் நாட்டுல ரயில் ரோடு போடணும், மூணே மாசம், ஏறுன்னானுங்க. நல்லமுத்துவையும் ஏத்திட்டானுங்க. அவ வயித்துல அப்போ பிள்ளை. லாரி கெளப்புன தூசி அடங்குற வரைக்கும் ரோட்டுல நின்னா.

மூணு மாசம் மூணு வருஷம் ஆச்சு. சண்டை ஓய்ஞ்சுது. அப்புறம் போனவங்கள்ல ஒத்தை ஆள் திரும்பி வந்தான், எலும்பும் தோலுமா. "நல்லமுத்து காய்ச்சல்ல கெடந்தான், பொணத்தோட பொணமா தூக்கிப் போட்டதை என் கண்ணால பாத்தேன்"னான். அவ்வளவுதான். பெரியவங்க கூடினாங்க, கருமாதி பண்ணாங்க, தாலியை அறுத்தாங்க, பொட்டை அழிச்சாங்க. அவளுக்கு இருவத்திரெண்டு வயசு. அந்தக் கொடுமையை விவரமாச் சொல்லி உன் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்.

அப்புறம் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு எலை போட்டுச் சோறு வச்சு, கா கா கான்னு காக்காவைக் கூப்பிடுவா. செத்தவங்கதானே காக்காவா வர்றாங்க. காக்கா வரும், மரத்துல உக்காரும், தலையைச் சாய்ச்சுப் பாக்கும். எடுக்காது. பர்ர்ர்னு பறந்துரும். சாயங்காலம் வரைக்கும் சோறு காஞ்சு கெடக்கும். "புருஷனுக்கு உன் மேல கோவம்டி"ன்னு லயத்துல பேசுவாங்க. அவளும் நம்பிட்டா. என்ன தப்பு பண்ணேன், என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சே நாப்பது வருஷம் ஓடிப் போச்சு.

முழிச்சிருக்கியா? எங்க, ம் சத்தத்தைக் காணோம்?

ஆங். வயித்துல இருந்த பிள்ளை தவமணி. அவன் வளந்து டாக்ஸி ஓட்டுனான். ஒரு தடவை எல்லை தாண்டி, சயாம் நாட்டு ஹட்யாய் பட்டணத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போனான். அங்க கடைத்தெருவுல ஒரு சயாம் கிழவி வெத்தலைக் கடை வச்சிருந்தா. அந்த ஊருக்காரங்களும் வெத்தல போடுவாங்க கண்ணு. கிழவி கையில ஒரு பித்தளை டப்பா. மூடியில என்ன எழுதியிருந்துச்சு, சொல்லு?

ஆமா. செவந்தி.

தவமணி டப்பாவைக் கையில வாங்கிட்டான். எங்கம்மா பேருன்னு தமிழ்ல சொல்றான், மலாய்ல சொல்றான், கிழவிக்குப் புரியல. அப்போ அவன் மூடியைத் தடவிக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுற மாதிரி கையை ஆட்டுனான். கிழவி கண்ணுல பொலபொலன்னு தண்ணி. கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு கையாலயே சொன்னா. ஆள் இருக்காரா இல்லியான்னு அவனுக்குக் கேக்கணும். அதை எந்தக் கையால கேக்குறது?

வீட்டுக்கு வந்து சொன்னான். செவந்தி எந்திரிச்சா. பெட்டிக்குள்ள அடியில கெடந்த குங்குமச் சிமிழை எடுத்து மடியில செருகிக்கிட்டா. ஆள் இருந்தா, அவரு முன்னாலயே பொட்டு வச்சுக்கணும். அறுவத்திரெண்டு வயசுல அவளுக்கு வேற ஆசை கெடையாது.

அப்புறம் காரு கெளம்பிருச்சு, டுர்ர்ர்ருன்னு. எல்லைக் கேட்டுல ஒரு அதிகாரி, "யாரைப் பாக்கப் போறீங்க?"ன்னு கேட்டான். செவந்தி வாயைத் தொறந்தா. புருஷனைன்னு சொல்லவா, செத்தவரைன்னு சொல்லவா? அப்போ தவமணி, "சும்மா ஊர் சுத்திப் பாக்க"ன்னான். டொப்புன்னு முத்திரை விழுந்துச்சு.

ஹட்யாய்ல கிழவி தன் வீட்டு வாசல்லயே காத்துட்டு நின்னா. மாலின்னு பேரு. பக்கத்துல அவ மக பிம். பிம்முக்கு மலாய் தெரியும், செவந்திக்கும் தெரியும். காரை விட்டு எறங்கினதும் செவந்தி கேட்டா, "இருக்காரா?"

பிம் தன் அம்மாவைப் பாத்தா. "மொதல்ல சாப்பிடுங்க"ன்னா. பிசுபிசுன்னு ஒட்டுற சோறு, காரமா மீன் சாறு. மாலி பக்கத்துலயே உக்காந்து விசிறுறா. செவந்தி சோத்தை உருட்டி உருட்டி வச்சா.

அப்புறம் மணிக்கூண்டு தாண்டி, சந்தை தாண்டிக் கூட்டிட்டுப் போனாங்க. துரியன் வாசம் ஒரு பக்கம், சொய்ங்குன்னு எண்ணெயில பூச்சி பொரியுது ஒரு பக்கம். சிரிக்காத, அவங்க ஊரு பலகாரம் அது. ரயில் ஸ்டேஷனுக்குள்ள போய் ஒரு பெஞ்சைக் காட்டுனா பிம். "இங்கதான் மூட்டை தூக்குவாரு. வேலை முடிஞ்சா இதுல உக்காந்து தெக்க போற ரயிலைப் பாப்பாரு. ஒரு நாளும் ஏற மாட்டாரு."

செவந்தி பெஞ்சைத் தடவிப் பாத்தா. "இருக்காரா?"

பிம் அவ கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தா.

மூணாவதா ஒரு புத்தர் கோயில். மதில் சுவத்துல சின்னச் சின்ன மாடம். ஒரு மாடத்துல ஒரு கிழவர் படம், வழுக்கைத் தலை, ஒட்டுன கன்னம். மூக்கு மட்டும் அச்சு அசலா தவமணி மூக்கு. செத்தவங்க சாம்பலை அந்த மாடத்துக்குள்ளதான் வைப்பாங்க. செவந்தி மூணாவது தடவை கேக்கல.

"மூணு மாசம் ஆச்சு"ன்னா பிம்.

அப்புறம் மாலி அழுதுக்கிட்டே சொல்ல, பிம் மலாய்ல சொன்னா. பொணக் குவியல்ல இருந்து அவரு ஊர்ந்து வெளிய வந்தாராம். ஒடம்பு தேறினதும் தோட்டத்துக்கு நடந்தே போனாராம். தோட்டத்து எல்லையில ஒரு பெரியவர் மறிச்சாராம். "உனக்குக் கருமாதி முடிஞ்சுது. கருமாதி ஆனவன் வாசப்படி மிதிச்சா பெத்த பிள்ளைக்கு ஆகாது. ஆடி அமாவாசைக்குச் சோறு வைக்கிறா உன் பொண்டாட்டி, இனிமே அதுதான் உன் பங்கு"ன்னாராம். இவரு ஒரு பால்மரத்துக்குப் பின்னால நின்னு, லயத்து முத்தத்துல ஓடி வெளையாடுற பிள்ளையைப் பொழுது சாயுற வரைக்கும் பாத்துட்டு, அப்படியே சயாமுக்கே திரும்பிப் போய், மாலியோட குடும்பமா இருந்துட்டாராம்.

அந்தப் பெரியவர் போய்ச் சேந்துட்டாரு. இல்லேன்னா நானே போய் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

செவந்தி மதில்ல சாஞ்சுட்டா. "தவமணி, நீ சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப ஒரு நாள், உங்கப்பா வளத்த நாய் வாலை ஆட்டிக்கிட்டு பால்மரத்துப் பக்கம் ஓடுச்சுப்பா. நாந்தான் அதட்டி இழுத்துக் கட்டுனேன்."

பிம் இன்னொண்ணும் சொன்னா. "வருஷத்துல ஒரு அமாவாசைக்கு எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாரு. இன்னிக்கு அங்க அவ எனக்குச் சோறு வச்சிருப்பான்னு சொல்லுவாரு. நாள் பூரா பட்டினி."

பாத்தியா கண்ணு. அங்க எலையில சோறு காயுது, இங்க இவரு வயிறு காயுது. உசுரோட இருக்கிற மனுஷன் சோத்தை எந்தக் காக்கா எடுக்கும்? காக்காவுக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரியல.

அப்போ செவந்தி மடியில இருந்து சிமிழை எடுத்தா. காசு அகலத்துக்குப் பொட்டு வச்சா. படத்துக்கு நேரா நிமிந்து நின்னு, "பாத்துக்குங்க. நாப்பது வருஷம் வச்சிருக்க வேண்டிய பொட்டு"ன்னா. மாலிக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? இருந்தாலும் வந்து தோளைப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் செவந்தி முந்தானையை எடுத்து, தன் கையாலயே பொட்டை அழிச்சா. மொத தடவை ஊர் அழிச்சுது. இந்தத் தடவை அவரு நெசமாவே செத்ததுக்கு அவளே அழிச்சா.

கெளம்புறப்ப மாலி அந்த டப்பாவைக் குடுத்தா. செவந்தி அதுல இருந்து சுண்ணாம்பு தொட்டு, ஒரு வெத்தலையை மடிச்சு மாலி வாயில வச்சுட்டு காருல ஏறுனா. டுர்ர்ர்ரு.

அப்புறம் ஆடி அமாவாசை வந்துச்சு. எலை போட்டா, சோறு வச்சா. கான்னு ஒரு தடவைதான் கூப்பிட்டா. விர்ருன்னு எறங்குச்சு காக்கா. லபக்குன்னு எடுத்துருச்சு. "அப்பாடா, இன்னிக்காவது கோவம் தீந்துச்சே"ன்னு லயமே சந்தோசப்பட்டுச்சு. செவந்தி மட்டும் தரையில உக்காந்து, எடுத்துருச்சே, எடுத்துருச்சேன்னு அழுதா.

என்ன? டப்பாவா? நீ இப்போ தொட்டியே, அதான். எழுத்து தேஞ்சிருக்கு, விடிஞ்சதும் வெளிச்சத்துல வாசி.

காக்கா சோறு தின்னுச்சு, என் கதையும் தீந்துச்சு. கண்ணை மூடு.