ஒரு முழத் தண்ணீர்

ஒரு காட்டில், அதுவும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உடைமரக் காட்டில், ஒரு காட்டுப்பன்றி தன் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அதற்கு எதிலும் அவசரம். கிழங்கு ஒன்று வேண்டுமென்றால் கொடியையே வேரோடு பெயர்க்கும். குட்டையில் இறங்கினால் சேறாக்கிவிட்டுத்தான் ஏறும்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குட்டைகள் வெடித்துக் கிடந்தன. பன்றியின் மூன்று குட்டிகளில் கடைக்குட்டி தாகத்தால் சுருண்டு படுத்துவிட்டது.

"கடற்கரையில் ஊற்று இருக்கிறதாம். வாருங்கள், போவோம்" என்றது பெண்பன்றி.

"உப்புக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீரா? யாரடி உனக்குச் சொன்னது?" என்று சிரித்தது பன்றி. ஆனாலும் குட்டிக்காகப் போயிற்று.

அலைக்கு நாற்பது அடி தள்ளி, மணல்மேட்டு அடிவாரத்தில், பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் சின்னச் சின்னக் குழிகளைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். போகும்போது குழியை மணலால் மூடிவிட்டுப் போனார்கள்.

"நல்ல கூத்து! சிரட்டையால் மொண்டு எந்தக் காலத்தில் குடம் நிறைவது?" என்றது பன்றி.

பெண்பன்றி ஒரு முழம் தோண்டியது. மணல் ஈரமாயிற்று. கண்ணெதிரே ஒரு கைத் தண்ணீர் ஊறி நின்றது. பன்றி நாக்கை நனைத்துப் பார்த்தது. அடேயப்பா! இளநீர் தோற்றுப்போகும்! அந்தப் பக்கம் அலை உப்பை வாரி இறைக்க, இந்தப் பக்கம் இப்படியொரு தண்ணீரா? பன்றிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கடைக்குட்டி இரண்டு மடக்குக் குடித்தது. குழி வற்றிவிட்டது. மறுபடி ஊறும்வரை பொறுக்க வேண்டும்.

பன்றியாவது, பொறுப்பதாவது! "ஒரு முழத்தில் இவ்வளவு என்றால் ஓராள் ஆழத்தில் எவ்வளவு இருக்கும்! விலகு!" என்று குழிக்குள் முகத்தை நுழைத்தது.

மணல் வளையிலிருந்து ஒரு நண்டு பதறி ஓடிவந்தது. "அண்ணாச்சி, வேண்டாம்! ஒரு முழத்துக்கு மேல் போகாதீர்கள்!"

"ஏலே, என் குளம்பளவு இருந்துகொண்டு எனக்கே புத்தி சொல்கிறாயா? உன் தண்ணீர் குறைந்துவிடும் என்று பயமோ?"

"குறையாது அண்ணாச்சி, கூடிவிடும். அதுதான் பயம்!"

பன்றி கேட்கவில்லை. தோண்டித் தோண்டித் தள்ளியது. குழி ஓராள் ஆழம் போனதும் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

"பார்த்தீர்களா! வாருங்கள், வயிறு முட்டக் குடியுங்கள்!"

கடைக்குட்டிதான் முதலில் வாய் வைத்தது. வைத்த வேகத்தில் இருமிக் கக்கியது. பன்றி நக்கிப் பார்த்தது. ஒரே கரிப்பு!

"கடல் அங்கேயல்லவா இருக்கிறது? இங்கே எப்படி வந்தது?"

"நம் காலடியிலும் கடல்தான் அண்ணாச்சி. பாலின்மேல் ஆடை படிகிற மாதிரி மழைத் தண்ணீர் அதன்மேல் படிந்து கிடக்கிறது. அந்த ஆடையைக் கிழித்துவிட்டீர்களே!"

பன்றி குழியை எட்டிப் பார்த்தது. இத்தனை பெரிய கடலின்மேல் அத்தனை மெல்லிசாக நல்ல தண்ணீரா! அதையா பிய்த்தெறிந்தோம்! ஓடிப்போய்ப் பக்கத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தது. அங்கும் கரித்தது.

"ஐயோ, இனி என் பிள்ளைக்கு என்ன வழி?" என்று கதறியது.

"குழியை மூடுங்கள். அப்புறம் பொறுத்திருங்கள். மேட்டு மணலில் தங்கிய பழைய மழைத் தண்ணீர் மெல்ல இறங்கி மறுபடி படியும். வேறு வழியில்லை" என்றது நண்டு.

பன்றி மூக்குத் தேயத் தேய மணலைத் தள்ளி மூடியது. மணல்மேட்டில் நின்ற கற்றாழை மடலைக் கடித்துக் குட்டியின் வாயில் சாற்றை விட்டது. இரண்டு நாள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மூன்றாம் நாள் காலை, பூவைத் தொடுவதுபோல் ஒரு முழம் மணலை விலக்கியது. ஈரம் வந்தது. பிறகு ஒரு கைத் தண்ணீர் தெளிந்து நின்றது. கடைக்குட்டி குடித்தது, கக்கவில்லை. தள்ளாடி எழுந்து நின்று, "அப்பா, இன்னும்!" என்றது.

பன்றிக்குக் கண் கலங்கியது.

"ஊறட்டும் கண்ணு, ஊறட்டும்" என்றது.

நீதி: கொஞ்சமாகச் சுரப்பதைக் கொஞ்சமாக எடுத்தால்தான் அது என்றும் சுரக்கும்.