நரம்பு ஓடாத இடம்

மலையடிவாரத்தில் சிவகாமி அம்மையின் மடத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மனம் விட்டுப்போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

நல்லபெருமாள் தங்கிவிட்டவர். அம்மையைவிட வயதில் மூத்தவர். எண்ணெய் காய்ச்சுவார், முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்ட மூங்கில் பத்தை சீவுவார், கட்டுத்துணி கிழிப்பார். எல்லாம் அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்பதுகூட இப்போதெல்லாம் உறைப்பதில்லை.

அன்று சாயங்காலம் அவருக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் காத்துக் கிடந்தது அதற்காகத்தான்.

காலையில் வந்த நோயாளிகளில் ஒருவர் அவருடைய அண்ணன் வெயிலுகந்தான். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வலது முழங்கால் வீங்கிப்போய், தாங்கித் தாங்கி நடந்து வந்தார்.

"என்னல பெருமாளு, இப்படி வத்திப்போயிட்டே? இங்க சோறு போடுவாங்களா, எண்ணெயக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடணுமா?"

நல்லபெருமாள் சிரிக்கவில்லை. அண்ணனைப் படுக்கவைத்துக் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மை முழங்காலை மெல்ல மடக்கி நீட்டினார்.

"கைய வச்சுப் பாருங்க" என்றார் நல்லபெருமாளிடம்.

வைத்தார். ஈர மணலை மிதித்த மாதிரி உள்ளே நறநறவென்றது.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "நம்மளப் பெத்தவளுக்கு முடியலன்னு சொல்லி அனுப்பினோம்லா. அவ செத்துட்டாள்னும் சொல்லி அனுப்பினோம். நீ வருவேன்னு பொழுது சாயுற வரைக்கும் தூக்காம வச்சிருந்தோம்ல."

நல்லபெருமாள் எண்ணெய்க் கிண்ணத்தை அம்மை பக்கம் நகர்த்தினார்.

"சண்டைக்கு வரல. சொல்லணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்றவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று நல்லபெருமாள் பார்த்தார். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது.

கட்டுப் போட்டு முடிந்ததும் அண்ணனைப் புளியமரத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு வந்தார். அம்மை கையிலிருந்த எண்ணெயைப் பயற்றமாவால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து உட்காரவே இல்லை. அவர் முகமும் களைத்திருந்தது.

"அம்மா, நீங்களும் பார்த்தீங்க. பெத்தவ சாவைச் சொல்லி அவன் அழுதான். எனக்கு இங்க ஒரு பொட்டு வலிக்கல." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அவனுக்குப் பற்று விடல, பாவம். எனக்கு விட்டுப்போச்சு. சாயங்காலம் வரைக்கும் எதுக்கு, இப்பவே கொடுத்திடுங்க."

"உங்க அண்ணனுக்குக் கால் எப்பத்திலேர்ந்து வலிக்குதாம்?"

"போன மழைக்காலத்திலேர்ந்துன்னான்."

"தேய ஆரம்பிச்சது?"

"அது பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாலயே ஆரம்பிச்சிருக்கும்."

"அத்தனை வருஷம் அவருக்கு ஏன் தெரியல?"

எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்ன பாடம். நல்லபெருமாள் மடமடவென்று ஒப்பித்தார். "எலும்புமுனையில மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, அம்மா. தேயும்போது வலிக்காது. அது போனப்புறம் எலும்பும் எலும்பும் உரசும். அப்பத்தான்…"

அவர் கை நெஞ்சுக்குப் போனது.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு ரத்தமும் கிடையாதே. பின்ன எதைத் தின்னு உயிரோட இருக்கு?"

"மூட்டுல ஊறுற நீரை." இப்போது குரல் இறங்கியிருந்தது. "பாரம் ஏறினா அமுங்கும். பாரம் விட்டா உறிஞ்சும். அசையாமலே கிடந்தா அதுக்குச் சாப்பாடு இல்ல."

வெளியே அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"தோள் கொடுத்து மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போங்க. பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க" என்றார் அம்மை.

நல்லபெருமாள் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வந்ததும் காவி கொடுப்பீங்களா, அம்மா?"

"எங்க வலிக்குதுன்னு வந்து சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."