பேசாத சாமியின் பொன்மொழி

“செத்துப்போனவர் வாயில போட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி இருக்கா அம்மா?”

கல்லாலடிச் சாமி மடத்துக்கு வந்த பொன்னுரங்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

மடத்துத் தலைவி தவமணியம்மை, அன்னதானத்துக்குச் சோறு பொங்கிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயது இளையவர்.

“யாரு போட்டது?” குரல் அண்டாவுக்குள்ளிருந்து வந்தது.

“நான்தான்.”

தேய்க்கும் சத்தம் நின்றது.

பொன்னுரங்கம் இருபத்திரண்டு வருடமாக ஓர் அமைச்சருக்கு மேடைப்பேச்சு எழுதுகிறவர். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த ஊரில் கூட்டமோ, அந்த ஊரில் வாழ்ந்து மறைந்த ஒருவர் பேரில் ஒரு பொன்மொழி வைக்க வேண்டும். தோதானது கிடைக்காவிட்டால் எழுதிக்கொள்ள வேண்டும். ஆளைப் பொறுக்குவதில்தான் சாமர்த்தியம். செத்து நூறு வருடம் தாண்டியிருக்க வேண்டும். வாரிசு இருக்கக் கூடாது. ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கக் கூடாது.

கல்லாலடிச் சாமி மூன்றுக்கும் பொருந்தினார்.

“தன் கூரையைத் தருகிறவன் ஊருக்கே கூரையாவான்! யார் சொன்னது? நம்ம கல்லாலடிச் சாமி சொன்னது!” என்று அமைச்சர் மேடையில் கையை உயர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஏரிக்கரையில் அறுபத்திரண்டு வீடுகள். புதுச் சாலைக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அங்கிருந்தவர்கள் கோர்ட்டில் தடை வாங்கி ஆறு வருடமாக அசையாமல் இருந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போலீஸ் வந்து பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வாக்கியம் நடத்திவிட்டது.

சாமியே கேட்கிறார் என்று பதினோரு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. மற்றவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போடப்போகிறார்கள்.

“டிவியில பார்த்தேன்மா. ஒரு பொம்பளை நான் எழுதினதைச் சொல்லிச் சொல்லி அழுதுக்கிட்டே கதவைப் பூட்டுது. அன்னிலேர்ந்து சோறு இறங்கலை.”

தவமணியம்மை அண்டாவிலிருந்து வெளியே வந்தார். முழங்கை வரை கரி.

“சாமி இந்த ஊர்ல நாப்பத்து மூணு வருஷம் இருந்தாரு. சாகுற வரைக்கும் மௌன விரதம். ஒரு வார்த்தை பேசலை. அது தெரியுமா உங்களுக்கு?”

“எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது.”

“எழுதறதுக்கு முந்தி யாரையாவது கேக்குறதில்லையா?”

“நாங்க எந்த ஊருக்கும் போறதில்லைம்மா. பேச்சுதான் போகும்.”

“உங்க அமைச்சர்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘பேசாதவரே பேசிட்டாருன்னா இன்னும் விசேஷம்தானேய்யா’ங்கறாரு.”

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. பொன்னுரங்கத்துக்கு வரவில்லை.

“நீங்க இந்த மடத்துக்குத் தலைவி. சாமி அப்படிச் சொல்லலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“கூட்டம் நடந்த மறுநாளே தெருத்தெருவாப் போய்ச் சொன்னேனே.”

“என்ன சொன்னாங்க?”

“‘உங்களுக்குத் தெரியாம யாருகிட்டயோ சொல்லியிருப்பாரு, நீங்க மனசுல வச்சுக்காதீங்கம்மா’ன்னு எனக்கே ஆறுதல் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினாங்க.”

பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நான் போய்ச் சொல்றேன்” என்று கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“அம்மா, இது அநியாயம்.”

“என்னாச்சு?”

“முனிரத்தினம்னு ஒருத்தர். தறி ஓட்டுறவராம். அந்த வாக்கியத்தை சாமி வாயாலயே அவங்க தாத்தா கேட்டிருக்காராம். வேப்பமரத்தடியில உக்காந்து சொன்னாராம், அன்னிக்கு மழை தூறிச்சாம்! நான் எழுதி இன்னும் மூணு வாரம் ஆகலைம்மா!”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாமி அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொன்னேன்.”

“அதை நானும்தான் சொன்னேன். அதைச் சொல்ல நீங்க எதுக்கு?”

பொன்னுரங்கம் விழித்தார்.

“உங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சதைச் சொன்னீங்களா?”

அவர் ஏரிப் பக்கம் பார்த்தார். வேலை போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. வேறொன்று இருந்தது.

“என் பேரைச் சொன்னா எவன்மா கேப்பான்? கேக்க மாட்டாங்கன்னுதானே இத்தனை வருஷமும் செத்தவங்க பேரைப் போட்டேன்?”

அம்மை கையைக் கழுவிக்கொண்டார். முந்தானையில் துடைத்தார்.

“உங்க பேரு என்ன?”

“தெரியுமேம்மா.”

“சொல்லுங்க.”

“பொன்னுரங்கம்.”

“கேக்கலை.”

“பொன்னுரங்கம்.”

அம்மை நாலு எட்டுப் பின்னால் போய் நின்றார். “கேக்கலை.”

“பொன்னுரங்கம்!”

அம்மை படியிறங்கி வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். அங்கிருந்து காதில் கை வைத்துக் காட்டினார்.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக் கத்தினார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆங்!” என்றார் அம்மை ரோட்டிலிருந்து. “இது கேட்டுச்சு.”

அப்படியே நடந்து காய்கறிக் கடைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. ஏரிக்கரையில் மேஜை போட்டு, மை டப்பாவும் தாள்களும் வைத்திருந்தார்கள். ஜனங்கள் குளித்து, நெற்றியில் விபூதி பூசி, கோயிலுக்கு வந்த மாதிரி வரிசையில் நின்றார்கள். சிலர் கையெழுத்துப் போட்ட கையோடு போக மூட்டையும் கட்டியிருந்தார்கள்.

பொன்னுரங்கம் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“என் பேரு பொன்னுரங்கம். அமைச்சருக்குப் பேச்சு எழுதுறவன். கூரை வாக்கியத்தை நான்தான் எழுதினேன்.”

“யோவ், நேத்துதான் வந்து சாமி பேசலைன்னே” என்றார் முனிரத்தினம். “இன்னிக்கு நீயே சாமியா?”

வரிசை சிரித்தது.

பொன்னுரங்கம் நகரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“முதல்ல ‘நிலத்தைத் தருகிறவன்’னு எழுதினேன். எடுப்பா இல்லை. அடிச்சேன். அப்புறம் ‘வாசலை’ன்னு போட்டேன். அதையும் அடிச்சேன். டீ குடிச்சிட்டு வந்து ‘கூரையை’ன்னு எழுதினேன். பாருங்க, டீக்கறைகூட இருக்கு.”

தாள் கைமாறியது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் அடித்தலைப் பார்த்தார்கள். முனிரத்தினம் வெகுநேரம் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்தவரிடம் கொடுத்தார்.

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, “இந்தாளு யாருய்யா? அப்புறப்படுத்துங்க” என்றார்.

இரண்டு பேர் பொன்னுரங்கத்தின் தோளைப் பிடித்தார்கள்.

“இருங்க” என்றாள் வரிசையில் முதலில் நின்ற பூங்காவனம். தலையில் மூட்டை. “இத்தனை நாளா எனக்கு ஒரு கேள்வி. சாமியை எப்படிக் கேக்குறதுன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

“கேளும்மா” என்றார் பொன்னுரங்கம்.

“உன் வீட்டை நீ குடுத்துட்டியா?”

பிடித்தவர்கள் அவரைப் பின்னுக்கு இழுத்தார்கள். அவர் காலை ஊன்றிக்கொண்டார்.

“இல்லைம்மா.”

பூங்காவனம் மூட்டையை இறக்கி வைத்தாள்.