அடைக்காத துறை

முன்னொரு காலத்தில் நெடுந்துறைப்பட்டினத்தை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான்; காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. தன் நகரத்தை யாராவது பழித்தால் மட்டும் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது.

ஆறு கடலில் கலக்கும் துறை ஒன்று அங்கே உண்டு. மாசித் திருவிழாவில் நிற்க இடம் இருக்காது. மூலைக்கு மூலை காவலர் நிற்பார்கள். ஐப்பசி அடைமழையிலோ ஊரே வெறிச்சோடிவிடும். காவலர்கள் கூரைக்கடியில் ஒதுங்கிவிடுவார்கள். ஏமாற்றுக்காரர்களுக்கு மட்டும் மழையும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

காத்தாயி வந்தது அந்த ஐப்பசியில்தான். காய்ச்சல் என்ன மாதம் பார்த்தா வருகிறது? இருபது வயது மகன் மாரப்பன் மூன்றே நாளில் போய்விட்டான். கடலைப் பார்க்கணும், கடலைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். சாம்பலையாவது கடலில் சேர்த்துவிடலாம் என்று, கலயத்தை மார்போடு அணைத்தபடி ஆறு நாள் நடந்து வந்திருந்தாள்.

அவள் ஊர் மலையடிவாரம். ராஜா குடியிருக்கும் மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது அந்த ஜனங்களின் வழக்கம். அதனால் கோட்டை வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நகரத்துக்காரர்களில் ஒருவர்கூட அப்படிச் செய்வதில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

நெற்றி நிறையச் சந்தனம் பூசிய ஒருவன் கவனித்தான். குடையோடு ஓடிவந்தான்.

"துறைக்கா தாயே? இன்றைக்கு அடைத்துவிட்டார்களே. வெள்ளம். மகாராஜா உத்தரவு."

அவள் முகம் வாடியதும் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான். ஆறு நாளில் அவளிடம் பிரியமாகப் பேசிய முதல் ஆள் அவன். அதில்தான் அவள் ஏமாந்தாள். சந்து சந்தாக அழைத்துப் போய் ஒரு குட்டையைக் காட்டி, இதுவும் ஆற்றின் கிளைதான், நேரே கடலுக்குப் போகும் என்றான். ஏதோ முணுமுணுத்தான். அவள் மகனைக் கரைத்தாள். காணிக்கை என்று அவள் காதிலிருந்த தண்டட்டிகளை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

வழி தெரியாமல் அலைந்தவள் ஒரு திருப்பத்தில் துறையைக் கண்டாள். அது திறந்தே கிடந்தது. நாலு பேர் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தக் குட்டை எது என்று கேட்டாள். துணிக்குச் சாயம் தோய்க்கிற குட்டை, அதற்கு வரத்தும் இல்லை, போக்கும் இல்லை என்றார்கள். காத்தாயி மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

இரக்கப்பட்ட ஒருத்தி அவளை அரசவைக்கு அனுப்பிவைத்தாள். அவள் சொன்னதைக் கேட்டு ராஜாவின் முகம் சிவந்தது. நகரக் காவல் தலைவன் உக்கிரசேனன் முன்னால் வந்தான். மந்திரி தென்னவராயரை மட்டம் தட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். தன் காவலில் ஒரு கள்ளன்கூடக் கிடையாது என்றும், மகனைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்தவளைச் சபைக்குள் விட்டது மந்திரியின் தப்பு என்றும் அளந்தான். அவள் சொன்னது மெய் என்று பொழுது சாய்வதற்குள் நிரூபிக்காவிட்டால் மந்திரியும் அவளும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றார் ராஜா.

மந்திரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பை ஏன் அம்மா கையில் வைத்திருக்கிறாய்?"

"ராசா இருக்கிற மண்ணுங்களே சாமி. மிதிக்கலாமுங்களா?"

மந்திரி ராஜாவிடம் திரும்பினார். "மகாராஜா, பெரிய மாறுவேடம் எதுவும் வேண்டாம். தலைவழியாக ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி கோட்டை வாசலிலிருந்து துறைக்கு நடங்கள். அது போதும்."

ராஜா நடந்தார். மற்றவர்கள் தள்ளிப் பின்தொடர்ந்தார்கள். முப்பது அடி போவதற்குள் குடை வந்துவிட்டது.

"துறைக்கா ஐயா? இன்றைக்கு அடைத்துவிட்டார்களே. மகாராஜா உத்தரவு."

"எப்போது போட்டார்?"

"காலையில்தான். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்."

"அவர் முகம் எப்படி இருந்தது?"

"அப்பப்பா, அப்படியொரு கோபம்."

ராஜா கம்பளியை விலக்கினார். "இப்படியா?"

குடை கீழே விழுந்தது. அவன் மடியிலிருந்து தண்டட்டிகளும் விழுந்தன. அவனை விலங்கிட்டார்கள். உக்கிரசேனன் தலை நிமிரவே இல்லை. இனி மழைக்காலம் முழுக்க வெறுங்காலோடு கோட்டை வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் துறை திறந்திருக்கிறது என்று சொல்வதே அவன் வேலை என்று உத்தரவாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். மந்திரி வாங்கவில்லை. "இந்த யோசனை நேற்றே வந்திருந்தால் வாங்கியிருப்பேன்" என்றார்.

காத்தாயியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார் ராஜா.

"தண்டட்டியக்கூட நீங்களே வச்சுக்குங்க சாமி. எம்புள்ளைய அந்தக் குட்டையிலிருந்து எடுத்துக் குடுங்க."

ராஜா மந்திரியைப் பார்த்தார். குட்டையிலிருந்து ஆற்றுக்கு வாய்க்கால் வெட்டலாம் என்று மந்திரிதான் மெதுவாகச் சொன்னார். முதல் மண்ணை ராஜாவே வெட்டினார், செருப்பில்லாமல். மூன்றாம் நாள் சாயத் தண்ணீர் சிவப்பும் நீலமுமாக ஓடியது. காத்தாயி கரையோடு அதன் கூடவே கடல் வரை நடந்தாள். நிறம் முழுக்கக் கரையும் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போயிட்டானுங்களா சாமி?"

கூடவே வந்திருந்த மந்திரி, எந்தக் கேள்விக்கும் தயங்காத தென்னவராயர், தயங்கினார். "போயிருப்பான் அம்மா" என்றார். நிச்சயமாக அவருக்கும் தெரியாது. அது அவளுக்கும் புரிந்தது.

அவள் ஊர் திரும்பியபோதும் மழை விடவில்லை. கோட்டை வாசலில் உக்கிரசேனன் நனைந்தபடி கத்திக்கொண்டிருந்தான். இடுப்பில் கலயத்தோடு மலையடிவாரத்துப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். வாசலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"போட்டுக்கிட்டே நட தாயி" என்றாள் காத்தாயி. "ராசா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நேரா போ. துறை அடைச்சிருக்குன்னு எவன் சொன்னாலும் நிக்காதே."

அந்தப் பெண் நம்பாமல் பார்த்தாள். காத்தாயி தன் கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டு, ராஜா மண்ணிலேயே நின்று காலில் மாட்டிக்கொண்டாள்.