பனிமலையும் அப்பாவின் கண்ணூறும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. குருவைப் பெற்றவரே அந்தச் சீடர்தான். இப்படியும் ஒரு கூத்து உண்டோ என்று கேட்காதீர்கள். சுவிஸ் நாட்டில், ஹின்டர்மாட் என்கிற மலைக் கிராமத்தில், ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை இது நடந்தது.

குருவின் பெயர் சாம்பவி. செங்குத்தான பனிச்சரிவில் வரிசையாகக் கம்புகளை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு இடையால் வளைந்து வளைந்து ஸ்கீயில் பாய்ந்து வரவேண்டும். அந்தப் போட்டியில் அவள் இரண்டு தரம் உலகச் சம்பியன்.

சீடர் பேரின்பநாயகம். புங்குடுதீவுக்காரர். அவர் பிறந்த தீவில் ஒரு சைக்கிள் மூச்சு வாங்குகிற அளவுக்குக்கூட மேடு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் மலை உச்சியில் உள்ள உணவகத்தில் முப்பது வருடமாகக் கோப்பை கழுவுகிறார். கேபிள் காரில் ஏறுவார், கேபிள் காரில் இறங்குவார். ஸ்கீயைக் கையால்கூடத் தொட்டதில்லை.

மறுநாள் சாம்பவியின் கடைசிப் போட்டி. அதுவும் சொந்த ஊர்ச் சரிவில். அதோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டாள். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அப்பா புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“என்னப்பா, சாப்பிடேல்லையே?”

“பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். பகிடி பண்ணக்கூடாது.”

“கேளுங்கோ.”

“நாளைக்கு நான் உன்னைப் பாக்கலாமோ?”

சாம்பவிக்கு விளங்கவில்லை. “முதல் வரிசையிலை ரிக்கெற் எடுத்துத் தந்தனான் எல்லே?”

“வந்து நிக்கிறது வேறை, பாக்கிறது வேறை.” தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாப் போட்டிக்கும் வந்தனான். எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

குசினிக்குள்ளிருந்து, அடுப்படியில் நின்ற மனைவி பவளத்தின் குரல் வந்தது. “கடைசியா உண்மை வெளியிலை வந்திட்டுது! இத்தினை வருசம் இந்த மனுசன்ரை காதுக்குள்ளை வர்ணனை சொல்லிச் சொல்லி என்ரை தொண்டைதான் கட்டினது.”

பவளம் சொன்னது அச்சொட்டாக உண்மை. புறப்படும் மணி அடித்ததும் பேரின்பநாயகம் கண்ணை இறுக்கி மூடி மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். “வளையிறாள், திரும்பவும் வளையிறாள், நல்லா வாறாள், வந்திட்டாள்!” என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் திறப்பார். பிறகு வீட்டுக்கு வந்து அதே ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் நூறு தரம் போட்டுப் பார்ப்பார். முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்க்க அவருக்குப் பயமே கிடையாது.

“ஏனப்பா?” என்றாள் சாம்பவி.

“என்ரை கண்ணூறு பொல்லாதது, பிள்ளை.”

“ஆர் சொன்னது?”

“ஒருக்காப் பாத்தனான். நீ விழுந்தனி.”

எந்த விழுகை என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது சாம்பவிக்கு இருபத்திரண்டு வயது. இதே ஊர், இதே சரிவு, அவளுடைய முதல் பெரிய போட்டி. “இண்டைக்காவது பாருங்கோ” என்று பவளம் கரைச்சல் கொடுக்க, மனிதர் கண்ணைத் திறந்தார். திறந்த கையோடு மகள் உருண்டாள். அவர் உடனே மூடிக்கொண்டார். பவளம் அவர் கையை உதறிவிட்டுச் சனத்துக்குள்ளால் ஓடினாள். அவர் மறுபடி கண்ணைத் திறந்தபோது மகளைச் சறுக்குக் கட்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கால் கிழிந்து ஒரு வருடம் போயிற்று. அந்த ஓட்டத்தின் படத்தை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் போடுவதில்லை.

மகள் விழுந்த அன்று பின்னேரம் பவளம் கல்லுப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, அவள் ஆசுபத்திரியில் இருந்தபடியால் மகளின் தொப்பியைச் சுற்றிக் கழித்து, அடுப்பில் போட்டாள். புகை எழும்ப, மாடிக் கட்டடம் முழுவதும் அபாயச் சங்கு ஊதி, தீயணைப்பு வண்டி இரண்டு வந்தன. கண்ணூறு எவ்வளவு கனதி என்பதற்குப் பேரின்பநாயகத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“அதுக்குப் பிறகு நான் பாக்கேல்லை. நீ சம்பியன் ஆனனி,” என்றார். “ஆனால் நாளையோடை முடியுது. உன்னைப் பாக்காமலே செத்துப்போடுவனோ எண்டு கிடக்கு. பாக்கவும் ஆசை, பாத்தால் விழுவாயோ எண்டும் பயம். இண்டைக்கு நீதான் எனக்குக் குரு. ஒரு வழி சொல்லு.”

குரு எழும்பினாள். கை கழுவிவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள்.

“வாங்கோ.”

“எங்கை?”

“உங்கடை வேலைக்கு.”

“இண்டைக்கு எனக்கு லீவு!”

“தெரியும். வாங்கோ.”

கேபிள் காரில் ஏறினார்கள். உச்சியில் உணவகத்தின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே கோப்பை கழுவும் தொட்டிக்கு நேரே ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே அவரை நிறுத்தினாள்.

“அப்ப எனக்கு நாலு வயசு. முதலாளியம்மா தன்ரை பேரப்பிள்ளையின்ரை பழைய ஸ்கீயை எனக்குப் போட்டுவிட்டவ. நீங்கள் உள்ளுக்கை நிண்டனீங்கள். என்ன பாத்தனீங்கள்?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். பனி கொஞ்சத் தூரம் சமமாகப் போய், ஒரு விளிம்பில் முடிந்தது. அதற்கு அப்பால் வானம் மட்டும்தான். “நீ உதாலை போனனி. அந்த விளிம்பிலை நிண்டு திரும்பி எனக்குச் சிரிச்சனி. பிறகு ஆளைக் காணேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன, கண்ணை மூடினன். கையிலை இருந்த பன்னிரண்டு கோப்பையும் விழுந்து நொருங்கினது.”

“விளிம்புக்கு அங்காலை என்ன இருக்கு?”

“பாதாளம்.”

“போய்ப் பாத்தனீங்களே?”

“விசரே? கோப்பையை ஆர் கழுவுறது?”

“முப்பது வருசத்திலை ஒருநாள்கூட?”

பேரின்பநாயகம் மஃப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

சாம்பவி நடந்தாள். அவர் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். முழங்கால் வரை பனியில் புதைந்தது. விளிம்பு கிட்டக் கிட்டக் கண் தானாகவே மூடிக்கொண்டது.

“திறவுங்கோ, அப்பா.”

திறந்தார்.

பாதாளத்தைக் காணவில்லை. ஒரு ஆள் உயரத்துக்குப் பள்ளம், அகலமாக, கஞ்சிக் கோப்பை மாதிரி. அதற்குள் கலர் கலராய்த் தொப்பி போட்ட பத்துப் பன்னிரண்டு சின்னஞ்சிறுசுகள். ஒன்று விழுந்து கிடந்தது, ஒன்று விழுந்துகொண்டிருந்தது, ஒன்று எழும்பி மூக்கைத் துடைத்தது. ஸ்கீ பழக்குகிற பெண் ஒருத்தி மரக்கறி பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒரே கூச்சலும் சிரிப்பும்.

பேரின்பநாயகம் பார்த்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார்.

“இதுக்கோ?” என்றார். “அட கடவுளே, இதுக்கோ பன்னிரண்டு கோப்பை?”

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. சிரித்துச் சிரித்துக் கால் தடுமாறிப் பனியில் குந்திவிட்டார். குந்தியவர் அப்படியே வழுக்கினார். அறுபத்திரண்டு வயது மனிதர், கம்பளிக் கோட்டும் மஃப்ளருமாகப் பள்ளத்துக்குள் போய்ச் சேர, பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தன. ஒரு பெட்டைக்குட்டி வந்து அவருடைய தொப்பியை எடுத்துக் கொடுத்து, எப்படி எழும்ப வேண்டும் என்று செய்து காட்டியது.

கீழே நின்றபடி அவர் மேலே கத்தினார். “அப்ப நாளைக்கு நான் பாத்தால் நீ விழமாட்டாய் எண்டுறியோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை!” என்று கத்தினாள் சாம்பவி.

சனிக்கிழமை வெயில் எறித்தது. ஊரே ஓட்டம் முடியும் எல்லைக் கோட்டில் நின்றது. அந்த ஊரில் சந்தோசம் வந்தால் மாட்டு மணியை எடுத்து ஆட்டுவார்கள். பவளத்திடம், ஏழு வயதில் சாம்பவி முதன்முதலாகக் கிராமப் போட்டியில் வென்ற பெரிய வெண்கல மணி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தாள்.

ஒரே சரிவில் இரண்டு தரம் இறங்கவேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டி வெற்றி சொல்வார்கள். முதல் தரம் சாம்பவி புறப்பட்ட மணி கேட்டதும், நேற்றைய பள்ளமெல்லாம் மறந்து, பேரின்பநாயகத்தின் கண் பொத்தென்று மூடிக்கொண்டது. பழக்கதோசம். திறந்தபோது மகள் எல்லோருக்கும் முன்னே நின்றாள். பத்தில் மூன்று செக்கன் வித்தியாசம்.

மறுபடி மேலே போகும் வழியில் வேலிப் பக்கம் வந்தாள். முகமெல்லாம் பனித்தூள்.

“பாத்தனீங்களே, அப்பா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லை, பிள்ளை.”

அவள் கோபிக்கவில்லை. “இனி ஒண்டுதான் மிச்சம்,” என்றாள். போய்விட்டாள்.

பவளம் புருசனின் காதுக்குள் குனிந்தாள். நேற்றுவரை ஏளனம் செய்தவளுக்கு இன்றைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. “இஞ்சாருங்கோ, அவள் முதலாவதா நிக்கிறாள். தயவுசெய்து மூடிக்கொண்டே நில்லுங்கோ. இந்த ஒருக்கா!”

முதலாவதாக நிற்பவரை இரண்டாம் தரத்தில் கடைசியாகத்தான் விடுவார்கள். இருபத்தொன்பது பேர் இறங்கும் வரைக்கும் பேரின்பநாயகம் பிரார்த்தித்தார். எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை. மகள் வெல்லவேண்டும் என்றும் கேட்டார், கண் மூடக்கூடாது என்றும் கேட்டார். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை.

மணி அடித்தது.

கண் மூட வந்தது. அவர் இரண்டு விரலாலும் இமையைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்தார்.

மேலே ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி பெரிதானது. தோளால் கம்பை அடித்து, இடுப்பால் ஒடிந்து, மறுபக்கம் சாய்ந்து, மறுபடி அடித்து வந்தாள். அவருடைய தீவில் வலைக் கண்ணுக்குள்ளால் நழுவித் தப்புகிற மீனை அவர் பார்த்திருக்கிறார். இது அதைவிட வடிவு. தொலைக்காட்சியில் நூறு தரம் பார்த்தும் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது: சத்தம். பனியை ஸ்கீ வெட்டுகிற சத்தம் சர், சர் என்று நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை என்று முணுமுணுத்தார். கண்ணால் தண்ணி ஓடியது. துடைக்கவில்லை, துடைத்தால் ஒரு வளைவு தப்பிவிடும்.

அரைவழி நேரம் பலகையில் பச்சையில் வந்தது. முன்னிலை! மணிகள் காதைக் கிழித்தன.

கீழே இன்னும் மூன்று கம்பு. வளைவின் உட்பக்கத்து ஸ்கீ ஒரு பனிக்கட்டியில் தட்டியது. சாம்பவி சரிந்தாள். ஒரு ஸ்கீ தனியே பறந்தது. முதுகால் வழுக்கி, இரண்டு கம்பைப் படுத்தபடியே கடந்து, வேலியடியில் வந்து நின்றாள்.

மணிகள் நின்றன. “ஐயோ!” என்று பவளம் மணியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

பேரின்பநாயகம் மட்டும் பொத்தவில்லை. இமையைப் பிடித்திருந்த விரலையும் எடுத்துவிட்டார்.

“என்னப்பா? என்ன நடக்குது? சொல்லுங்கோவன்!” பவளம் கண்ணைத் திறக்காமலே அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

“கிடக்கிறாள்,” என்றார் அவர். “தலையைத் தூக்குறாள். ஒரு காலை மடக்கிறாள். பொறும், பொறும். கையை ஊண்டுறாள். எழும்புறாள், பவளம்! எழும்பீட்டாள்! ரெண்டு காலிலையும் நிக்கிறாள்! பல்லு முழுக்கத் தெரியுது, சிரிக்கிறாள்! கண்ணைத் திறவும், விசரி, கண்ணைத் திறவும்!”

விழுந்து கிடந்த வெண்கல மணியை அவரே எடுத்து ஆட்டினார். அவரைப் பார்த்து ஊரே ஆட்டியது. அன்று வென்ற பிள்ளைகூடத் தன் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு வந்து சாம்பவியைக் கட்டிப்பிடித்தாள்.

சாம்பவி ஒரு ஸ்கீயோடு நொண்டி நொண்டி வேலிக்கு வந்தாள். அப்பா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றார்.

“பாத்திட்டன், பிள்ளை. சொன்னனான் எல்லே? பாத்தன், விழுந்திட்டாய்.”

“என்னத்தைப் பாத்தனீங்கள்?”

“எல்லாத்தையும். புறப்பட்டது, வளைஞ்சது, விழுந்தது, எழும்பினது.”

“அண்டைக்கு, முழங்கால் போன அண்டைக்கு, என்னத்தைப் பாத்தனீங்கள்?”

அவர் யோசித்தார். “நீ விழுந்ததை.”

சாம்பவி தலைக்கவசத்தைக் கழற்றி, அதற்குள் இருந்த பனியைத் தட்டிக் கொட்டினாள்.

“அண்டைக்கும் எழும்பினனான், அப்பா. ஒத்தைக் காலிலை நிண்டு உங்களுக்குக் கை காட்டினனான்.”