தேரைக்கு வந்த சந்தேகம்

ஒரு காட்டில், நாவல் மரத்தடியில், படித்த தேரை ஒன்று இருந்தது. பூச்சிகளைப் பற்றி அதற்குத் தெரியாதது எதுவுமே இல்லை. அப்படித்தான் அது சொல்லிக்கொண்டது.

பிடித்த பூச்சி எந்த இனம் என்று உரக்கச் சொன்ன பிறகே விழுங்கும். "இனம் தெரியாமல் தின்பது தவளைகளின் பழக்கம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லும்.

ஒரு நாள் காலை, முட்டையிட இலை தேடி வந்த சிவப்பு வண்டு ஒன்று அதன் காலடியில் மாட்டிக்கொண்டது. வயிறு நிறைய முட்டை. பறக்க வழியில்லை.

தேரை புள்ளிகளை எண்ணியது. "ஏழு புள்ளி வண்டு" என்று அறிவித்துவிட்டு வாயைத் திறந்தது.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்" என்றது வண்டு. "என் அம்மாவுக்கு ஒன்பது புள்ளி. நானும் அம்மாவும் ஒரே இனமா, வேறு வேறா?"

தேரை வாயை மூடியது. "நேற்றுத்தான் ஓர் ஒன்பது புள்ளியைத் தின்றேன். அது வேறு இனம் என்று சொன்னேனே!"

"அவர்தான் ஐயா, என் அம்மா."

தேரை புள்ளிகளை மறுபடி எண்ணிப் பார்த்தது.

"இதை நான் நம்ப மாட்டேன்" என்றது தேரை.

"என் முட்டைகள் பொரியட்டும். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

தேரை காலை எடுத்தது. வண்டு முட்டையிட்ட இலையருகே உட்கார்ந்து காத்திருந்தது. முட்டைகளிலிருந்து கறுப்புப் புழுக்கள் வந்தன. "ஐயோ, இவற்றையும் தனி இனம் என்றல்லவா இத்தனை நாள் தின்றேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டது.

புழுக்கள் கூட்டுப்புழுக்களாகி, வண்டுகளாயின. நான்குக்கு ஏழு புள்ளி, மூன்றுக்கு ஒன்பது, ஒன்றுக்குப் புள்ளியே இல்லை.

"ஏன் இப்படி?" என்றது தேரை. அது வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எனக்கு எப்படித் தெரியும்? இவற்றின் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியலாம்" என்றது வண்டு.

தேரை பார்த்தது. பிள்ளைகளின் பிள்ளைகளையும் பார்த்தது. பசித்தபோது கொசுக்களைத் தின்றது. அவற்றிலும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

பதினோராவது தலைமுறையில், ஐந்து புள்ளிக் குட்டி வண்டு ஒன்று கிழத் தேரையின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"தாத்தா, எங்களை ஏன் நீங்கள் தின்பதில்லை?"

"அசையாதே" என்றது தேரை. "எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

நீதி: விழுங்க வருபவரிடம் கெஞ்சாதே, அவருக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேள்.